சூசையின் படகு கிடக்கும் இடம்

சென்ற மழைக்காலத்தில் என் மைத்துனன் சூசை, சூரியநெல்லிக்குக் கீழே உள்ள அணைத் தண்ணீரில் படகோடு மூழ்கினான். மூன்றாம் நாள் பிணமாக அவன் மட்டும் மேலே வந்தான். உடம்பில் சட்டை இல்லை. குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி வீசி ஆடியிருப்பான் என்று தோட்டத்து லயக் குடியிருப்பில் பேசினார்கள். குடிக்கிற ஆள்தான், மறைக்க மாட்டேன். அவன் மனைவி ரோசம்மா அந்தப் பேச்சுக்குக் கூசி, மாதா கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

இந்த மாசியில் கோவையிலிருந்து பிரியா என்றொரு பெண் போன் செய்தார். ஸ்கூபா டைவிங் பழகியவர். மூழ்கிய படகுகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காம். சூசை வீட்டுக்கு அன்று விருந்தாளியாகப் போயிருந்த நான் ஒருவன்தான் படகு மூழ்கியதைத் துறையில் நின்று பார்த்தவன். மழையில் ஒரு கறுப்புப் புள்ளி, பிறகு அதுவும் இல்லை. இடம் காட்டச் சம்மதித்தேன்.

எருத்தேன்பதியில் மகள் வீட்டிலிருந்து காலை 5.10க்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி வழியாக உடுமலை. அங்கே ‘மூணாறு’ என்ற பலகையை நானே படித்து ஏறினேன். எழுபத்தோரு வயதில், போன வருடம்தான் எழுத்துப் படித்தேன். யாரையும் கேட்காமல் பஸ் ஏறுவது எனக்கு இன்னும் திருவிழாதான். மறையூரில் பத்து நிமிடம் நின்றது. ரோசம்மாவுக்கு அரைக் கிலோ வெல்லம் வாங்கினேன். மூணாறிலிருந்து சூரியநெல்லிக்கு ஜீப், ஆளுக்கு எழுபது ரூபாய். 2.40க்குச் சேர்ந்தேன். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்ததில் துக்கம் கொஞ்சம் மறந்திருந்தது. தண்ணீரைப் பார்த்ததும் திரும்பி வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் துறையில் கூடினோம். அனுமதிக் கடிதத்தைப் பிரியா வைத்திருந்தார். ரோசம்மாவும் வந்தாள்.

“ஏனுங்க ஐயா, எந்தப் பக்கமுங்க?”

“அக்கரைக் கோயில் குருசுக்கு நேர் கீழ, பாதி தூரத்துல. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்.”

பிரியா தண்ணீரில் இறங்கி, நாற்பது நிமிடம் கழித்துக் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தார். “வெறும் கட்டைதானுங்க. முள்ளுக் காடாட்ட நிக்குது.”

அணை கட்டும்போது மூழ்கிய தேயிலைச் செடிகள். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவனுக்கு அது தெரியும்.

ரோசம்மா என்னைப் பார்த்தாள். “அண்ணே, அது புதுக் குருசு. கிறிஸ்மசுக்கு முன்னால பழச இடிச்சிட்டு அந்தப் பக்கம் கட்டுனாங்க. எழுத்து வந்ததும் கண்ணு போயிருச்சோ?”

பழைய சிலுவை இருந்த இடத்தில் இப்போது மணிக்கம்பம்தான் நிற்கிறது. அதற்கு நேராகக் கை காட்டினேன். 10.20க்குப் பிரியா மறுபடி இறங்கத் தயாரானார். ரோசம்மா அவர் கையைப் பிடித்தாள்.

“உள்ள பாட்டில் கெடந்தா அதையும் சொல்லிரு தாயி. மறைக்காத.”

“பாத்ததச் சொல்றனுங்க அக்கா.”

பதினான்கு மீட்டர் ஆழத்தில் படகு இருந்தது. பிரியா கரையேறி, கேமராவை நீட்டினார். படத்தில், கட்டை குத்தி அடிப்பலகை பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் நீலக் கட்டம் போட்ட சட்டையொன்று இறுக்கித் திணிக்கப்பட்டிருக்கிறது. சட்டையின் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு கிடக்கிறது.

“பாட்டில் ஒண்ணுமே இல்லைங்க அக்கா. தண்ணி மொள்ற டப்பா மட்டும் கயித்துல கட்டியிருக்குது.”

ரோசம்மா கேமராவை வாங்கிப் பார்த்தாள். “அடக்கத்துக்குப் போட்டுவிட இந்தச் சட்டையத்தான் வீடு முழுக்கத் தேடினேன்.”

“மூழ்கின படகுல இருந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு வழக்கமுங்க,” என்றார் பிரியா. “இருந்தாலும் இத எடுத்துத் தர்றனுங்க.”

“வேணாம் தாயி. அவரு அடைச்சது அடைச்சபடியே இருக்கட்டும்.”

அன்று மாலை, பார்த்ததை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் கதவில் ஒட்டினேன். பதினொரு வரி, எழுத மூன்று மணி நேரம். பிறர் படிக்க நான் எழுதிய முதல் எழுத்து. ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் நின்று படித்தார்கள். சிலர் தலை குனிந்து உள்ளே போனார்கள். ரோசம்மா முன்வரிசையில் இருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பதினொரு மணிக்கு மேல் காற்று எழும்பும், அதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் கடுங்குளிர், கனத்த உடை வேண்டும். குருசைப் பார்க்காதீர்கள், மணிக்கம்பத்தைப் பாருங்கள். படகின் அடியில் ஒரு சட்டை இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்காதீர்கள்.