ஜெனிற்றா வீட்டு நடுச்சுவர்

யாழ்ப்பாணம் பிரதான வீதியில் குடியிருக்கிற ஆட்களை இப்போது விரல் விட்டு எண்ணலாம். பழைய வீடுகள் வங்கியாகவும் மூக்குக்கண்ணாடிக் கடையாகவும் ரியூசன் நிலையமாகவும் மாறிவிட்டன. மாலையானதும் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். ஜெனிற்றா மட்டும் விறாந்தை விளக்கைப் போடுவார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. பாடசாலையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. தாய் லூர்த்தம்மா இறந்து நான்கு வருடமாகிறது. தம்பி எமில்ராஜ் நோர்வேயில் இருக்கிறான்.

வீடு ஒல்லாந்தர் காலத்து முறையில் கட்டியது. தெருவோடு ஒட்டிய விறாந்தை, உருண்டைத் தூண்கள், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்த இரண்டடிச் சுவர்கள். பக்கத்து வீடும் அச்சொட்டாக அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் புடவைக்கடை நமசிவாயத்தின் குடும்பம் இருந்தது. தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே நாளில் வெளிக்கிட்டன. ஜெனிற்றாவும் தாயும் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். நமசிவாயம் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது.

ஜெனிற்றா வீட்டு மண்டபத்தில், அந்த நடுச்சுவரில், வளைவாக ஓர் ஆழமான மாடம் இருந்தது. லூர்த்தம்மா அதில் மாதா சொரூபம் வைத்திருந்தார். முன்பெல்லாம் பின்னேரத்தில் செபமாலை சொல்லும்போது, நமசிவாயத்தின் மகள் ஜெயகௌரி வாய்ப்பாடு பாடமாக்குகிற சத்தம் அந்த மாடத்துக்குள்ளிருந்து கேட்கும். "மாதாவுக்கும் பதினாறாம் வாய்ப்பாடு பாடம்" என்று லூர்த்தம்மா சிரிப்பார். இடப்பெயர்வுக்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை.

போன வருடம் அந்த வீடு விலைப்பட்டது. இடித்துவிட்டு மூன்று மாடிக் கடை கட்டப் போவதாகச் சொன்னார்கள். எஞ்சினியர் கேதீஸ்வரன் நேரில் வந்தார்.

"அன்ரி, உங்கடை சுவரிலை கை வைக்க மாட்டம். தூசிதான் கொஞ்சம் வரும்."

பதினொரு நாள் இடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பவும் வந்து கதவைத் தட்டினார்.

"ஒருக்கா இந்தப் பக்கம் வந்து பாருங்கோ அன்ரி."

ஜெனிற்றா தெருவால் சுற்றிப் போனார். வீடு நின்ற இடத்தில் வெறும் வானம் இருந்தது. நடுச்சுவர் மட்டும் தனியாக நின்றது. காரை உதிர்ந்த இடத்தில் ஒரு வளைவு தெரிந்தது. வளைவுக்குள் முருகைக்கல் இல்லை, செங்கல்.

"இது வாசல். ஆரோ பிறகு ஒற்றை வரிசைக் கல்லு வைச்சு அடைச்சிருக்கினம்" என்றார் கேதீஸ்வரன்.

ஜெனிற்றா மனதுக்குள் அளந்து பார்த்தார். "இது எங்கடை மாதா மாடமல்லோ" என்றார்.

பழைய கட்டடங்களை அளந்து வரைபடமாக்கும் சுபாஜினி என்ற பெண்ணைக் கேதீஸ்வரன் வரவழைத்தார். அவள் மூன்று நாள் நாடாவோடும் ஏணியோடும் நின்றாள். கடைசியில் தாளை விரித்துக் காட்டினாள்.

"இரண்டு வீடும் ஒரே வீடுதான் அன்ரி. பெரிய மண்டபம் ஒண்டை நடுவாலை பிரிச்சிருக்கினம்."

"ஆர் பிரிச்சது? சகோதரங்களோ?"

"தெரியாது. காணி உறுதிப் பத்திரத்திலையும் ஒண்டும் இல்லை."

அந்த மூன்று நாளும் சுபாஜினி ஜெனிற்றாவோடுதான் மத்தியானம் சாப்பிட்டாள். நான்காம் நாள் ஜெனிற்றா இரண்டு சுண்டு அரிசி அளந்தார். பிறகு ஒன்றைத் திரும்பப் பெட்டிக்குள் கொட்டினார்.

செங்கல் பலமில்லை, எடுத்துவிட்டுக் கொங்கிறீற் போட வேண்டும் என்றார் கேதீஸ்வரன். "வெள்ளிக்கிழமை உடைச்சு அண்டைக்கே அடைச்சுப் போடுவம்."

"உடைச்ச உடனை அடைக்க வேண்டாம், தம்பி. ஒரு மணித்தியாலம் எனக்குத் தாங்கோ."

கேதீஸ்வரன் சரியென்றார்.

வெள்ளி காலை ஜெனிற்றா மாதாவைத் தூக்கி மேசையில் வைத்தார். கல்லுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்து மணிக்கு வாசல் திறந்து, காற்று மண்டபத்துக்குள் வந்தது. வேலையாட்கள் தேநீர் குடிக்கப் போனார்கள்.

அவர் வாசலைக் கடந்தார். நமசிவாயம் வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலம் இன்னும் அப்படியே கிடந்தது. அதன் அந்தம்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். வளைவுக்குள் அவருடைய வீடு தெரிந்தது: ஒரு மேசை, ஒரு கதிரை, கழற்றி வைத்த ஒரு சோடிச் செருப்பு. செத்த வீடு முடிந்து சனமெல்லாம் போன பிறகு கிடக்கிற வீடு மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக இதற்குள்தான் இருந்தேனா என்று நினைத்தார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை.

உள்ளே போய்க் கதிரையைத் தூக்கி வந்து, கூரையில்லாத அந்த மண்டபத்தின் நடுவில் போட்டு அதில் இருந்தார். தெருவால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் தலையில் ஏறும்வரை அவர் எழும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கப் போறியளோ அன்ரி?" கேதீஸ்வரன் தூரத்தில் நின்று கேட்டார்.

"இருந்தது காணும் தம்பி. அடையுங்கோ."

பொழுதுபடுவதற்குள் சுவர் நேராகிவிட்டது. மாடமும் இல்லை. மாதா மேசையிலேயே தங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எமில்ராஜ் தொலைபேசியில் எடுத்தான். "அக்கா, வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வாவன்."

"பாப்பம்" என்றார் ஜெனிற்றா. அவன் எப்போதும் அதைக் கேட்பான். அவரும் எப்போதும் அதையே சொல்வார்.

தை மாதம் கடை திறந்தார்கள். கேதீஸ்வரன் அழைப்பிதழ் கொண்டுவந்து தந்ததால் ஜெனிற்றா நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனார். கடை முழுக்கக் குளிரூட்டியின் குளிர். தன் சுவர் எந்தப் பக்கம் என்று தேடினார். அங்கே உயரத்துக்குக் கண்ணாடி அலுமாரிகள் நின்றன. ஒரு சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனார். நடுத்தர வயதுப் பெண், உடுப்பிட்டியிலிருந்து வேலைக்கு வருபவள், கதைத்தபடி சோப்பைப் பையில் போட்டாள்.

"எங்கையிருந்து வாறியள் அன்ரி?"

"பக்கத்து வீடு."

"பக்கத்திலை வீடோ? அங்கை ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம்" என்றார் ஜெனிற்றா. "நான் இருக்கிறன்."

பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார். ஜெனிற்றா பையை வாங்கிக்கொண்டு விலகி நின்றார்.