பூதம் எழுதிய விதி

மருதனார்மடத்தில் தட்டச்சு வகுப்பு நடத்திய மாஸ்டர் ஒல்லியானவர். பகடை உருளும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவரே எழுதிய கதை விளையாட்டை ஞாயிறு பின்னேரங்களில் ஆடுவோம். ஊர் மருந்துக்கடைக்காரர் உட்பட நாங்கள் நால்வரும் குகைக்குள் நுழையும் வீரர்கள். அவர் எங்களைத் தடுக்கும் பூதம். இரண்டு வருடமாக அந்தப் பூதத்தை எங்களால் வெல்ல முடியவில்லை.

கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம். விதிப்புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைப் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் தட்டச்சடித்துக் கொண்டுவந்தார். அன்றும் முதலில் செத்தது நான்தான். பழைய விதிப்படி வீட்டுக்குப் போக எழும்பினேன்.

"இரும் தம்பி. இனிச் செத்த ஆளும் தன்ரை பகடை உருட்டை இன்னொருத்தருக்குக் குடுக்கலாம்."

"ஏன் மாஸ்டர் மாத்தினனீங்கள்?"

"ஒவ்வொருத்தராய் எழும்பிப் போனால் நான் ஆரோடை விளையாடுறது?"

கடைசியில் மருந்துக்கடைக்காரர் மட்டுமே உயிரோடு இருந்தார். செத்த மூவரும் எங்கள் உருட்டுகளை அவருக்குக் கொடுத்தோம். முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவது என்னுடையது, ஆறு விழுந்தது. பூதம் சாய்ந்தது. நாங்கள் மேசையில் அடித்த அடியில் தட்டச்சுப் பொறிகள் அதிர்ந்தன.

தான் தோற்பதற்கு ஒரு மனிதர் ஏன் இவ்வளவு பாடுபட்டார் என்று இன்றும் யோசிக்கிறேன். அன்று கண்ணாடியைத் துடைக்கவும் மறந்து, எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகக் கூவியது பூதம்தான்.