சித்திரக் கூடத்தில் ஒரு பிரசவம்

மருத்துவச்சிப் பயிற்சி முடித்து எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: வெளிச்சம், காற்று, தண்ணீர், தரை, சுவர்.

டத்தோ கிராமாட் பேட்டைப் பக்கம் இருந்த ஒரு தமிழ் வியாபாரியின் மாளிகை அப்போதே மூன்று தலைமுறை கண்டது. நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் வியாபாரியின் மனைவி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மருமகளுக்குத்தான் பிரசவம். அவளுடைய முதல் குழந்தை அங்கிருந்த பிள்ளைப்பேற்று அறையில் பிறந்து சில நாளில் இறந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த அவள் பிழைத்ததே பெரிது. அறைக்கு ஜன்னல் இல்லை, மண் தரை, சுவரெல்லாம் ஈரம், பக்கத்தில் குழாயும் இல்லை. தாளில் ஐந்துக்கும் 'சரியில்லை' என்று குறித்தேன்.

மற்ற அறைகளையும் பார்த்தேன். தேறியது முன்கூடம் மட்டும்தான். நான்கு ஜன்னல், பளிங்குத் தரை, பக்கத்திலேயே குழாய். சுவர் முழுக்கச் சித்திரம்: ராமர் பட்டாபிஷேகம், பாற்கடல், மயில் மேல் முருகன், ஒரு மூலையில் குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரத் துரை. எண்ணெய்ச் சாயம் என்பதால் ஈரத்துணியால் துடைக்கலாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

"இங்கேயா? சாமிங்க பாத்துக்கிட்டு இருக்கே மிஸ்ஸி. தீட்டு இல்லையா?" என்றார் மாமியார்.

"பின்னறையில மறுபடி காய்ச்சல் வந்தா நான் பொறுப்பில்லம்மா."

கதவோரம் நின்ற மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, அந்த ரூமுக்கு நான் போகமாட்டேன்."

மாமியார் கொஞ்ச நேரம் சுவர்களையே பார்த்தார். "சாமிய எல்லாம் மூடிட்டா?" என்று என்னிடம் கேட்டார். துவைத்து வெயிலில் காய்ந்த துணியானால் சரி என்றேன்.

வலி கண்ட அன்று காலையில் போனேன். கூடம் முழுக்க வேட்டிகள் தொங்கின. வானரங்களைக்கூட மாமியார் விடவில்லை. பாற்கடலில் நின்ற வெள்ளை யானைக்கும் ஒரு வேட்டி. துரை மட்டும் வெளியே தெரிந்தார்.

"அவனுக்கு என்ன தீட்டு" என்றார் மாமியார்.

வலி கூடியபோது மருமகள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்தத் துரை என்னையே பாக்குறான்."

"வெறும் சித்திரம்மா. மூச்ச விடு."

"அப்ப சாமியும் சித்திரந்தானே. அவனையும் மூடுங்க."

"வேட்டி தீந்துபோச்சு லா" என்றார் மாமியார். எந்தச் சாமியிடமிருந்து எடுப்பது என்று ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் யானையின் வேட்டியை உருவித் துரையின் முகத்தில் போட்டார். "யானைக்கு ஒண்ணும் தெரியாது."

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாளும் காலையிலும் மாலையிலும் தாயின் உடல்சூட்டைப் பார்த்து எழுதினேன். காய்ச்சல் வரவில்லை. பதினோராம் நாள் ஐயர் வந்து தீட்டுக் கழித்து நீர் தெளித்தார். வேட்டிகளை அவிழ்த்து மடித்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "பின்னறைய வெறகு அடுக்க விட்டுட்டோம் மிஸ்ஸி."