அண்ணனும் அவருடைய எதிரியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. கட்டுரையை யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவு வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைத் தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பயம். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், எனக்கு ஜோக் வரும். அண்ணனின் கடைசி மாதங்களில் நான் ஏகப்பட்ட ஜோக் அடித்தேன்.

அண்ணன் பிறந்தது நசரத்பேட்டையில். அப்பா அப்போது பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தார். பிறகு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைக்கவே, குடும்பம் ஆவடி சேக்காட்டுக்குக் குடிவந்தது. அப்பாவுக்கு உதவியாக அண்ணன் பள்ளி நாட்களிலேயே லாரி ஷெட்டில் கிரீஸ் டப்பா தூக்கியவர். ஐ.டி.ஐ. முடித்து ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்தார். ஆவடியில் ராணுவ வேலை என்றால் காலையில் டிபன் பாக்ஸோடு சைக்கிளில் போய் மாலையில் திரும்புவது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அண்ணனை லடாக்குக்கு அனுப்பினார்கள்.

அங்கே, நூப்ரா பள்ளத்தாக்கில், அண்ணனை ஐஸ் ஹாக்கி பிடித்தது. ஜுரம் பிடிப்பது போலப் பிடித்தது. ஹாக்கியைப் புல்தரையில் மட்டுமே பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தண்ணீரைத் தேக்கி உறையவிட்டு, தகடு பூட்டிய பூட்ஸோடு அதன்மேல் வழுக்கிக்கொண்டே போய், கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடிப்பார்கள். அண்ணன் ஒரே ஒரு முறை அந்தப் பனியில் ஏறினார். முன்பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். அதன் பிறகு ரசிகர் மட்டும்தான். பல் நூப்ராவில் இருப்பதால் தாமும் பாதி நூப்ராக்காரர் என்று சொல்லிக்கொள்வார்.

கோல் காக்கும் பையனைப் பார்த்து, “உட்றாத மாமே, உட்றாத!” என்று அண்ணன் கத்துவார். வட்டை உள்ளே விடாதே என்பதற்குச் சேக்காட்டில் வேறு எப்படிச் சொல்வது? அர்த்தம் தெரியாமலேயே அந்த ஊர் ஜனம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. நூப்ரா ஆடினால் கூட்டமே “உட்றாத” என்று கத்தும். எதிரணியான லே நகரத்து ரசிகர்களுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

ஒரு பிப்ரவரியில் அண்ணன் என்னைப் பிடிவாதமாக லேவுக்கு வரவழைத்தார். விமானத்தை விட்டு இறங்கியதும் எனக்கு மூச்சு முட்டியது. அங்கேயே பெட்டியின் மேல் உட்கார்ந்து, என் பைக்கை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் சிரித்தார். “இது மூச்சு வாங்கறதுடா. சாவறது வேற மாதிரி இருக்கும்” என்றார்.

அன்றைய ஆட்டம் லேவுக்கும் நூப்ராவுக்கும். எங்கள் முன் வரிசையில் நீலத் தொப்பி போட்ட லே இளைஞர் ஒருவர் திரும்பி, “மதராஸி, உன் ஊரில் ஐஸ் கரும்புச் சாற்றில்தானே கிடக்கும்? வீட்டுக்குப் போ” என்று இந்தியில் கத்தினார். நான் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அண்ணனோ, “நான் மதராஸி இல்லை, ஆவடி. ரெண்டுக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் தெரியுமா?” என்று கேட்டு, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். கொரட்டூர் வருவதற்குள் நூப்ரா ஒரு கோல் போட்டுவிட்டது. ஸ்டேஷன் கேட்டுக்கொண்டிருந்த லே இளைஞர் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த இளைஞர்தான் ஸ்டான்சின்.

அண்ணன் ஓய்வு பெற்று சேக்காட்டுக்கே வந்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தார். அண்ணியும் அவரும் மட்டும்தான் வீட்டில், குழந்தைகள் இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், “ஏய் நேப்பாளி, இன்னா ஓணும்?” என்று யாரையோ கேட்பது காதில் விழ, அண்ணன் திரும்பிப் பார்த்திருக்கிறார். காவல் படையில் சேர்ந்து, ஆவடிப் பயிற்சி முகாமுக்கு வேலையாக வந்திருந்த ஸ்டான்சின் நின்றிருந்தார்.

“அவன் நேப்பாளி இல்லபா. லேக்காரன். என் எதிரி. மரியாதையா கேளு” என்றாராம் அண்ணன்.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஸ்டான்சின் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அண்ணன் உள்ளே குரல் கொடுப்பார்: “எதிரி வன்ட்டான், டீ போடு.” அண்ணி டீயும் மிக்சரும் வைப்பார். ஃபோனில் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுச் சண்டை தொடங்கும். ஸ்டான்சின் எங்கள் தெருவில் கற்ற தமிழிலேயே சண்டை போடுவார். “அண்ணாத்தே, உன் கோல் கீப்பரு நின்னுகினே தூங்கறான்.” அண்ணன் விடமாட்டார்: “உங்க ஆளுங்க வட்ட விட்டுட்டு காலத்தான அடிக்கறானுங்க!” பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை உண்மையான தகராறு என்று நினைத்து மதில் ஏறி எட்டிப் பார்த்தார்.

இந்தியா வெளிநாட்டு அணியோடு மோதும் நாளில் மட்டும் இருவரும் ஒரே பக்கம். அண்ணன் இந்தியா என்று எழுதிய பனியன் போட்டுக்கொள்வார். ஆனால் லே பையன் கோல் போட்டால் கைதட்டுவதா வேண்டாமா என்று அவர் முகம் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். மெதுவாக ஒரு கையால் தொடையில் தட்டுவார். “இந்தியாவுக்குப் போட்டான், சரி. ஆனா பாஸ் குடுத்தது நூப்ரா.” ஆட்டம் தோற்றதும் தேசம் கலைந்துவிடும், யார் ஊர்ப் பையனால் தோற்றது என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். அந்த வீதியில் ஸ்டான்சினை எந்த நாடு என்று கேட்காமல், எந்த ஊர் என்று கேட்டுச் சண்டை பிடித்தவர் அண்ணன் ஒருவர்தான்.

பிறகு அண்ணனுக்கு இருமல் வந்தது. நுரையீரல் கல்லாக இறுகிக்கொண்டே போகிறது, திரும்ப இளகாது என்று மருத்துவர் சொன்னார். மலையுச்சியில் மூச்சு முட்டாதவருக்குச் சேக்காட்டில் கழிவறைவரை நடக்க முடியவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து அளவு சொல்வது என் பொறுப்பு. ஒருநாள் அதில் 68 என்று பார்த்து அலறி, ஆம்புலன்ஸை அழைத்து, தெருவையே கூட்டிவிட்டேன். அண்ணன் மூக்கில் குழாயோடு கையை மெல்லத் திருப்பிக் காட்டினார். 89. நான் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏத்தவேண்டியது யாரண்ணா, உங்களயா?” என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். சிரித்ததால் இருமினார். அந்த இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. அதற்குப் பிறகு அவரெதிரில் ஜோக் அடிக்கவும் பயமாகிவிட்டது.

ஒரு பிற்பகல் அவரே சொன்னார்: “அன்னிக்கு லேவுல சொன்னன்ல, சாவறது வேற மாதிரி இருக்கும்னு. இதான்டா அது.” நான் அளவு பார்ப்பது போல விரல் கருவியின்மேல் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுந்து உட்காருவார். பேச முடியாததால் சண்டையில் பாதியைக் கையால் போடுவார். செய்தி அறிந்து நூப்ரா அணியினர், ஆவடியில் வேறு யாரையும் தெரியாததால், ஸ்டான்சின் வழியாகவே வெள்ளைப் பட்டுத் துணி ஒன்றை அனுப்பினார்கள். அங்கே வருபவரை வரவேற்கவும் போகிறவரை வழியனுப்பவும் கழுத்தில் அப்படி ஒரு துணியைப் போடுவது வழக்கம். எதற்காக வந்தது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டான்சின் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நா போனா இத எதிரி கையால போட வை. நூப்ரா துணிய லேக்காரன் தூக்கினு வரணும். அதான் அவனுக்கு தண்டன.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “வாசல்ல நிக்க வெச்சிடாதடா. இன்னா ஆளு, எந்த நாடுன்னு கேட்டு வெளியவே நிறுத்திடுவானுங்க. நீ பாத்துக்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா? கடையில் மீதிச் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்கத் தயங்குகிறவன் நான்.

மாசியில் ஒரு விடியலில் அண்ணன் அடங்கினார்.

ஐஸ் பெட்டி வந்தது. பனியில் குந்தியிருந்தவரைப் பனிக்குள்ளேயே வைத்தோம். வெயில் ஏற ஏறக் கண்ணாடியில் ஈரம் படர்ந்து முகம் மறைந்தது. ஸ்டான்சின் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியருகே நின்று சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி படரும், மறுபடி துடைப்பார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. “யாருபா இது, சைனாக்காரன் கணக்கா கீறான்?” “வாட்ச்மேனா இருக்கும்.” நான் காதில் விழாதவன் போல நாற்காலிகளை எண்ணத் தொடங்கினேன்.

அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தினோம். அண்ணியின் தமையனார், பூந்தமல்லி மாமா, கோடி வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். முறைகளில் ஓர் அணுவும் பிசகக்கூடாது என்பவர். அதற்காக அவரை மதிக்கிறோம். அந்த நேரம் பார்த்து ஸ்டான்சின், நான் எடுத்துக் கொடுத்திருந்த வெள்ளைத் துணியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

மாமா கையை நீட்டித் தடுத்தார். “நில்லுபா. இது கோடி போட்ற நேரம். சம்பந்தி வீடு கீது, பங்காளி கீறான். இவன் இன்னா முறை?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நண்பர் என்று சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்தவர் என்று பொய் சொல்லியிருக்கலாம். அண்ணன் சொன்ன ஒரே ஒரு முறைதான் வாயில் வந்தது.

“எதிரி, மாமா.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் சிவந்தது. “சாவுல இன்னாடா வெளாட்டு?” என்று தட்டைக் கீழே வைத்தார். மாமா கிளம்பினால் அண்ணிக்குப் பிறந்த வீடு கிளம்பின மாதிரி. ஸ்டான்சினை அனுப்பினால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போகும். நடுவில் ஈர வேட்டியோடு நான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி தலையைத் தூக்கினார். “அண்ணா, அவரு வாரத்துல ஒரு நாள் எழுந்து உக்காந்ததே இந்தப் புள்ளையோட சண்ட போடத்தான். நீ வந்து பாத்தப்ப எல்லாம் படுத்துகினு தான இருந்தாரு?”

மாமா அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டை எடுத்தார். “மொதல்ல எங்க கோடி. அப்பால அவன் போடட்டும்.” ஸ்டான்சினைப் பார்த்து, “செருப்ப கழட்டிட்டு வாபா” என்றார். அவர் அதைக் காலையிலேயே கழற்றியிருந்தார்.

கோடி வேட்டியின் மேல் நூப்ரா துணியை விரித்தார் ஸ்டான்சின். குனிந்து, தம் வாழ்நாளில் சொல்ல மாட்டேன் என்று ஞாயிறுதோறும் சபதம் செய்த அந்தச் சொல்லை அண்ணன் காதருகே சொன்னார்: “உட்றாத, அண்ணாத்தே.” பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. கொள்ளிச்சட்டியை நான் தூக்கியபோது அது ஒருபக்கம் சாய்ந்தது. விழாமல் இருக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே சுடுகாடுவரை வந்தவரும் அவர்தான்.

அண்ணனை நள்ளிரவிலும் முகம் சுளிக்காமல் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், மெஷின் நின்றபோதெல்லாம் ஓடிவந்த மின் பணியாளர் தம்பிக்கும், அடுப்பு பற்றவைக்காத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை உடன் நின்ற பூந்தமல்லி மாமாவுக்கும், நூப்ராவின் முகம் தெரியாத அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் எதிரிக்கும் நன்றி. அவர் ஆடி மாதம் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி இன்னும் ஒரு டீ கூடுதலாகப் போட்டுவிட்டு, பிறகு அதைத் தாமே குடிக்கிறார்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் வாரம் ஸ்டான்சினிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே இன்னொரு வெள்ளைத் துணி. ஓரத்தில் நீல நூலால் லே அணியின் பெயரைத் தைத்திருந்தார்கள். அண்ணன் படத்துக்குப் போடச் சொல்லியிருந்தார்.

எனக்கு வழக்கம்போலப் பயம் பிடித்துக்கொண்டது. லேக்காரன் துணியை அண்ணன் கழுத்திலா? “அண்ணி, வேணாம். அண்ணன் எழுந்து வந்து கழட்டிப் போட்டுடுவாரு” என்றேன்.

அண்ணி படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போடு” என்றார். “எழுந்து வந்து கழட்டட்டும்.”

போட்டேன். இருவரும் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துணி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.