தோற்றவர்களின் பக்கம் நின்ற உதுமாலெப்பை மாஸ்டர்

சென்ற வியாழக்கிழமை பாடம் நடந்துகொண்டிருந்தபோது, உதுமாலெப்பை மாஸ்டரின் மைத்துனர் சைக்கிளில் வந்து வகுப்பு வாசலில் நின்றார். "மச்சான் மௌத்தாப் போயிட்டார் சேர். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். நான் நடத்திக்கொண்டிருந்தது ஒருகாலத்தில் மாஸ்டர் நடத்திய வகுப்பு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்முனையில் எங்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர். நான் பாண்டிருப்பில் வயலுள்ள மெதடிஸ்த குடும்பத்தவன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களின் பின் வாசிகசாலையில் ஒரு விவாதம் வைத்தார்கள். புதிய நாட்டுக்குப் பலமான மத்திய அரசு வேண்டும் என்று நான் பேசினேன். மாஸ்டர் அமெரிக்காவின் கதையை எடுத்தார். பிரித்தானிய அரசரிடமிருந்து விடுபட்ட அந்த நாட்டில் புதிய அரசியல் யாப்பு எழுதப்பட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிச் சொன்னார்.

"தூரத்து ராசாவைத் துரத்திப்போட்டு, இன்னொரு தூரத்து அரசாங்கத்துக்கிட்ட எல்லா அதிகாரத்தையும் குடுக்கிறமே எண்டுதான் அவங்க பயந்தாங்க. சனத்துட உரிமை எங்க எழுதிக் கிடக்கு எண்டு கேட்டாங்க. தோத்துத்தான் போனாங்க. ஆனா அவங்க கேட்டதாலதான் அந்த உரிமையெல்லாம் பிறகு யாப்பில ஏறிச்சு."

"அப்ப கல்முனைக்கும் தனியா ஒரு ராசாங்கம் வேணுமோ மாஸ்டர்?" என்று கேட்டேன். சபை சிரித்தது. நான் வென்றேன். அவரும் சிரித்தபடி எழுந்து வந்து கைகொடுத்தார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் வயல்கள் மூழ்கின. தண்ணீர் கடலுக்கு இறங்க முகத்துவாரத்து மணல் திட்டை வெட்ட வேண்டும். மேலிடத்து உத்தரவு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றார் அதிகாரி. அனுப்பிய தந்திக்கு மறுமொழி வரவில்லை.

"கொழும்பில மழை இல்லப் போல" என்று சொல்லி மாஸ்டர் மண்வெட்டியை எடுத்தார். அவருக்கென்று ஒரு துண்டு வயலும் கிடையாது. உழவர்கள் அவர் பின்னால் இறங்கினார்கள். சம்பளத்தை நினைத்து நான் கரையில் நின்றேன். அன்று வடிந்த வெள்ளத்தில் தப்பிய நெல் வேளாண்மையில் என்னுடையதும் ஒன்று.

விசாரணை வந்தது. சாட்சிக்கு என்னையும் அழைத்தார்கள். மாஸ்டரே என் வீட்டுக்கு வந்தார். "கண்டதைச் சொல்லுங்க சேர். நான் வெட்டினதுதானே. எனக்காகப் பொய் சொல்லி நீங்களும் வேலைய இழக்க வேணாம்" என்றார்.

கண்டதைச் சொன்னேன். அவரை மலைநாட்டுக்கு மாற்றினார்கள். அந்தக் குளிர் அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய வகுப்பு எனக்கு வந்தது. நான் தவறேதும் செய்யவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உறக்கம்தான் குறைகிறது.

இருமலோடு ஊர் திரும்பியவரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். "வேளாண்மை எப்படி சேர்?" என்று கேட்டார்.

"நல்லம் மாஸ்டர்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை மறுபடி காணும் துணிவு எனக்கு இல்லை. பிறகு நான் அங்கே போகவில்லை.

அடக்கம் நடந்த மையவாடியில் எல்லாருக்கும் பின்னால், வேலியோரம் நின்றேன். மைத்துனர் கண்டுவிட்டார். "முன்னுக்கு வாங்க சேர். நீங்களும் மண் போடுங்க. மச்சான் உங்களைப் பத்தித்தான் அடிக்கடி கதைப்பார்." கூட்டம் விலகி வழிவிட்டது. குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"போயிட்டு வாங்க மாஸ்டர்" என்பதுதான் வந்தது.