பீற்றூட் போத்தல் வெடித்த பகல்

வட்டக்கச்சியில் மயில்வாகனத்தின் குடும்பத்தைக் கொடுத்துவைத்த குடும்பம் என்பார்கள். இறுதி யுத்தத்தில் ஒரு கீறல்கூடப் படாமல் வந்து சேர்ந்தவர்கள். அவர், மனைவி இரஞ்சிதம், அப்போது ஒன்பது வயதான மகன் நிரோஜன், மூவரும் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது கூரை போயிருந்தது, சுவர்கள் நின்றன. அந்த மாதங்களைப் பற்றி வீட்டில் எவரும் கதைப்பதில்லை. கதைப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் மயில்வாகனமும் பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இரண்டு ஏக்கர் வயல். வீட்டோடு ஒரு மரக்கறித் தோட்டம். கொரோனாவில் ஊர் மூடிக் கிடந்த மாதம், வாங்க ஆளில்லாமல் முட்டைக்கோவா தோட்டத்திலேயே அழுகத் தொடங்கியபோது, போனில் பார்த்துப் பார்த்து அதை உப்பில் புளிக்க வைக்கப் பழகினார். கிலோவுக்கு இருபது கிராம் உப்பு. கையால் பிசைந்து, வாளிக்குள் அமுக்கி, மேலே ஒரு கோப்பையும் கழுவிய கல்லும். நாலாம் நாள் நுரை தள்ளும். பத்தாம் நாள் வாயூறும் புளிப்பு. முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் வந்த இரஞ்சிதம், பிறகு பழஞ்சோற்றோடு அவர் புளிக்க வைத்த பயிற்றங்காயை விட்டு வேறொன்றும் கேட்பதில்லை. கோவா முடிய ராபுக் கிழங்கு, மாங்காய், பச்சை மிளகாய் என்று அவர் எதையும் விடவில்லை.

போன சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பிலிருந்து வந்த நிரோஜன், தகப்பனுக்கு ஆறு கண்ணாடிப் போத்தல்கள் கொண்டுவந்தான். றப்பர் வளையம் வைத்து, கம்பிக் கொளுவியால் இறுக்கும் மூடி. மயில்வாகனத்துக்கு அவற்றின் வடிவு பிடித்துப்போயிற்று. ஆறையும் கழுத்துவரை நிரப்பினார். ஒன்று முழுக்கப் பீற்றூட். புளிக்கும்போது காற்று எழும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கொளுவியை ஒருதரம் திறந்து காற்றை விட்டு மூடினார்.

அந்தக் கிழமை ஓமந்தையில் ஒரு கலியாணம். மூன்று நாள் நின்றுவிட்டார். மாட்டைப் பார்க்க வீட்டில் நின்ற இரஞ்சிதத்திடம் போத்தல்களைத் திறந்துவிடச் சொல்ல மறந்துபோனார். தகரக் கூரைக்குக் கீழே அந்த வெயிலில் அவை மூன்று நாள் இறுகிக் கிடந்தன.

திரும்பி வந்த அன்று முற்பகல் பதினொரு மணியிருக்கும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். குசினிக்குள் ஒரு சத்தம். டமார் என்று ஒன்று, அதன் பின்னால் கண்ணாடி சிதறும் ஓசை. வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

எப்படி ஓடினார் என்பது அவருக்கு நினைவில்லை. குசினி வாசலில் போய் நின்றபோது சுவர் முழுக்கச் சிவப்பு. அடுப்பில், அரிசிச் சுளகில், கூரைத் தகரத்தில்கூடச் சிவப்பு. நிலத்தில் இரஞ்சிதத்தின் செருப்பு ஒன்று. அந்தச் சிவப்பின் புளித்த மணம் மூக்கில் ஏறிய பிறகுதான் அது பீற்றூட் என்று விளங்கியது. மற்ற ஐந்து போத்தல்களும் அப்படியே இருந்தன. ஆனால் இரஞ்சிதம் இல்லை.

அறைக்குள் இல்லை. மாட்டுக் கொட்டிலில் இல்லை. வேலிக்கு அப்பாலிருந்து யதுர்ஷிகா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், இருபத்தாறு வயது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது மகளைக் காணவில்லை என்றாள். இருவரும் இரு பக்கமாகத் தேடினார்கள்.

பின்காணியின் எல்லையில் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால், அந்த மாதம் காய்ந்து கிடந்தது. அதற்குள் இரஞ்சிதம் குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கீழே அந்தக் குழந்தை. குழந்தையின் வாயை அவளுடைய ஒரு கை பொத்தியிருந்தது. மற்றக் கை அதன் தலைக்கு மேலே விரிந்திருந்தது.

மயில்வாகனம் கரையில் நின்று கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை.

"கிடவுங்கோ," என்றாள் மெல்லிய குரலில். "தலையைத் தூக்காதேங்கோ. அடுத்தது வரும்."

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிசியின் குரலாக அது அவருக்குக் கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் வாய்க்காலுக்குள் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் படுத்தார். போத்தல்தான் வெடித்தது, நிரோஜன் கொண்டுவந்த போத்தல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை கையை விலக்கிக்கொண்டு, "மாமி, புல்லு குத்துது" என்றது. அதன் பிறகுதான் இரஞ்சிதத்தின் கை தளர்ந்தது.

யதுர்ஷிகா வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனாள். பிள்ளையின் கன்னத்தில் விரல் அடையாளம் பதிந்திருந்தது.

அன்று பின்னேரம் மயில்வாகனம் குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினார். நெஞ்சு முழுக்கக் கிணற்றடிச் சேறு, காய்ந்து வெடித்திருந்தது. வாய்க்காலில் சேறு இல்லை. சத்தம் கேட்டதும் தானும் கிணற்றடியில் விழுந்து படுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் கிடந்தாரோ.

நாலு நாளாக வேலிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையை அனுப்பவில்லை. யதுர்ஷிகா கோபமாக இருக்கிறாள் என்று இரஞ்சிதம் சோறு தின்னாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலை யதுர்ஷிகா பிள்ளையோடு வந்து குசினி வாசலில் இருந்தாள். மயில்வாகனம் சுவரிலிருந்து போகாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டிலுக்குக் கீழ போயிட்டன் மாமி," என்றாள். "பிள்ளை முற்றத்தில நிண்டவள். அவளின்ர நினைப்பே எனக்கு வரேல்ல. பெத்தனான், எனக்கு வரேல்ல."

யுத்தம் முடிந்தபோது அவளுக்குப் பதினொரு வயது.

இரஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நானும் உன்ர பிள்ளையெண்டு ஓடேல்லயடி. நிரோஜன் வெளியில நிக்கிறான் எண்டுதான் ஓடினனான்."

மயில்வாகனத்தின் கையிலிருந்த தேய்க்கும் துணி நிலத்தில் விழுந்தது. நிரோஜனுக்கு இருபத்து நாலு வயது. கொழும்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பதினைந்து வருடமாக ஒரு குசினியில் சமைத்து, ஒரு பாயில் படுத்தெழும்பிய மனிசிக்குள் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை இன்னும் வெளியே நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் இருவரும் அழுதார்கள். அவர் அப்படியே நிலத்தில் குந்தினார்.

அன்றிலிருந்து ஒருவரும் தொடப் பயந்து ஈரச் சாக்கால் மூடிக் கிடந்த மிச்சப் போத்தல்களை வாய்க்காலில் கொட்டப் போனவரை இரஞ்சிதம்தான் மறித்தாள். நல்ல கோவாவைக் கொட்டுவதா என்று கேட்டு, ஒவ்வொரு கொளுவியாகத் தானே துணி போட்டுப் பிடித்துக்கொண்டு திறந்தாள். ஐந்தும் சீறின. முதலாவதுக்கு அவள் கண்ணை மூடினாள். ஐந்தாவதுக்கு மூடவில்லை.

கிராமத்து மருத்துவமாது சொல்லி, மனநலக் கிளினிக்குக்கு இரண்டு பெண்களும் ஒன்றாக ஒரே ஓட்டோவில் போய் வருகிறார்கள். மயில்வாகனத்தையும் கூப்பிட்டார்கள். முதல் மாதம் வயலில் வேலை என்றார். இரண்டாம் மாதம் ஓட்டோவில் முன்னால் ஏறி இருந்தார்.

புளிக்க வைப்பது நிற்கவில்லை. வாளிக்கே திரும்பிவிட்டார். போத்தலில் ஒன்றிரண்டு மட்டும், பாதிக்கு மேல் நிரப்பாமல். ஒவ்வொரு காலையும் மூடியில் கை வைக்க முன், இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்லுவார்:

"மூடி திறக்கப் போறன்."

வேலிக்கு அப்பாலிருந்து "ஓம் மாமா, திறவுங்கோ" என்று பதில் வந்த பிறகுதான் திறக்கிறார்.