நீலம் இறங்கிய மூன்று பற்கள்

ஃபர்ஹத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்கிறேன். பொய் சொல்ல வரவில்லை.

காயல்பட்டினத்துக்காரி. தினமும் ரயிலில் திருநெல்வேலி வந்து இறங்குவாள். ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் டெக்னீஷியன்கள். முக்கூடலிலிருந்து பஸ்ஸில் நான் பதினோரு வருஷமாக வருகிறேன். அவள் வந்து எட்டே மாதம்.

பிடுங்கிய பற்களில் குழி போட்டு மாணவர்கள் அடைத்துத் தருவார்கள். அடைத்த இடத்தைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு, வேறு வழியாகச் சாயம் புகாதபடி வேர் நுனிவரை நெயில்பாலிஷ் பூசுவோம். ஒரு நாள் நீலச் சாயத்தில் ஊறவைத்து, நெடுக்காக அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே நீலம் இறங்கியிருந்தால் ஒட்டு சரியில்லை. நான் அறுத்தால் பத்தில் இரண்டு பல்லுக்காவது ஓரம் உதிரும். அவளுக்கு ஒன்றுகூட உதிராது. என்ன கையோ அது!

கம்ப்யூட்டரோடு புது மைக்ராஸ்கோப் வந்தது. ஏசி அறை, நாற்காலி, ஒருத்திக்குத்தான் இடம். "அடுத்த பத்துப் பல்லை யாரு நல்லா தயார் பண்ணுதாங்களோ அவங்களுக்கு" என்றார் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான எஸ்றா டாக்டர். பதினோரு வருஷம் அறுக்கும் மெஷின் முன்னால் நின்றே வீங்கிய கால் எனக்கு. இவளுக்கா அந்த நாற்காலி?

சாயத்தில் போடுவது என் வேலை. அன்று சாயங்காலம் அவள் ரயிலுக்கு ஓடியதும், அவள் பூசியதில் மூன்று பற்களை எடுத்து, வேர் நுனியில் பாலிஷை பிளேடால் சுரண்டினேன்.

மறுநாள் அறுத்தபோது அந்த மூன்றிலும் உள்ளே நீலம். வேர் வழியாக ஏறியிருந்தது. "யாரு பூசுனது?" என்றார் டாக்டர்.

ஃபர்ஹத் குனிந்து வேர் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகப் பூசாவிட்டால் பாலிஷ் ஓரம் வளைந்து வழிந்திருக்கும். இதுவோ நேர்கோடாக இருந்தது. பிளேடு போன தடம் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"நான்தான் சார் பூசுனேன்" என்றாள்.

டாக்டர் போனதும் பக்கத்தில் வந்தாள். "ஏன் செல்வியக்கா இப்படிச் செஞ்சிய? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே. கால் வலிக்குன்னு தெனமும் சொல்லுதிய, எனக்குத் தெரியாதா?"

சண்டை போட்டிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி மகள். கையும் சுத்தம், மனசும் சுத்தம். இரண்டையும் ஒருத்திக்கேவா கொடுப்பான் கடவுள்?

இப்போது நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் நின்று அறுக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை டாக்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அவளாக இருந்தால் முதல் தடவையே உள்ளே போயிருப்பாள். அதற்கும் எனக்கு எரிகிறது.